தாராவிப் பிள்ளைக்கு எதற்கு வயலின்?

மும்பையில் தாராவியிலோ சயான் கோலிவாடாவிலோ யாராவது வந்து, "பிள்ளைகளை அனுப்புங்க, காசு வேண்டாம், வயலினும் செல்லோவும் சொல்லித் தந்து ஓர் ஆர்கெஸ்ட்ரா அமைக்கப் போறோம்" என்று சொன்னால் நம் ஆட்கள் கேட்கிற முதல் கேள்வி இதுதான்: "அதுக்குக் கணக்கு டியூஷன் வச்சாலாவது பத்தாவது பாஸ் பண்ணுவாம்லா?" இதில் தப்பே இல்லை. காலையில் வேலைக்குப் போய் ராத்திரி லோக்கல் ரயிலில் தொங்கிக்கொண்டு வருகிறவருக்குப் பிள்ளையின் சாயங்கால நேரம் சும்மா கிடைத்தது இல்லை. அதனால் இது என்ன ஏற்பாடு, எங்கே தொடங்கியது, எப்படி நடக்கிறது, உண்மையிலேயே பலன் உண்டா என்பதை, இசை பற்றி ஒன்றுமே தெரியாதவருக்கும் விளங்குகிற மாதிரி சொல்லிப் பார்க்கிறேன்.

ஆர்கெஸ்ட்ரா என்றதும் கோயில் கொடைக்கு மேடை போட்டுச் சினிமாப் பாட்டு பாடுகிற குழுவை நான் சொல்லவில்லை. இளையராஜா பாட்டில் சரணத்துக்கு முன்னால் கூட்டமாக வயலின்கள் எழும்பி வருமே, அந்த மாதிரி ஐம்பது அறுபது பேர் சேர்ந்து உட்கார்ந்து வாசிக்கிற குழு. வயலின், அதைவிடக் கொஞ்சம் பெரிய வியோலா, உட்கார்ந்து காலுக்கு நடுவே வைத்து வாசிக்கிற செல்லோ, ஆள் உயர டபுள் பாஸ் என்று தந்தி வாத்தியங்கள் முன்னால். புல்லாங்குழல், கிளாரினெட் வகையறா நடுவில். டிரம்பெட், டிராம்போன் மாதிரியான பித்தளை வாத்தியங்களும் தாள வாத்தியங்களும் பின்னால். எல்லோருக்கும் எதிரே, கையசைத்துக் குழுவை நடத்துகிற ஒரு கண்டக்டர். ஒவ்வொருவர் முன்னாலும் நோட்ஸ், அதாவது ஸ்வரங்களை எழுதிய தாள். அவ்வளவுதான் அமைப்பு.

இதில் குழந்தைகளுக்கு ஏற்ற விஷயம் ஒன்று இருக்கிறது, அதைப் புரிந்துகொண்டால் மீதியெல்லாம் புரிந்துவிடும். நம் கர்நாடக முறையில் பிள்ளை குருவின் முன்னால் உட்கார்ந்து சரளி வரிசையில் ஆரம்பிக்கிறது, ஜண்டை, அலங்காரம், கீதம், வர்ணம் என்று ஏறி, நாலு பேர் முன்னால் வாசிக்க வருடக்கணக்கில் ஆகும். அது அருமையான முறை, நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அங்கே எல்லோரும் ஒரே மெட்டையே வாசிப்பதால், தெரிந்த பிள்ளையும் தெரியாத பிள்ளையும் ஒரே நேரத்தில் மேடையில் இருக்க முடியாது. ஆர்கெஸ்ட்ராவில் ஆளுக்கொரு பங்கு. எல்லாப் பங்கும் ஒரே அளவு கடினம் இல்லை. வயலினில் நாலு தந்தி. விரலே வைக்காமல் வில்லை இழுத்தாலே நாலு ஸ்வரம் வந்துவிடும். எனவே, போன மாதம் சேர்ந்த ஏழு வயதுப் பெண் பிள்ளைக்கு, நாலு எண்ணிக்கைக்கு ஒரு தடவை இரண்டாம் தந்தியை முழு வில்லாக இழுக்கும் வேலையைக் கொடுத்துவிடலாம். அவளுக்குப் பின்னால் பன்னிரண்டு வயது அண்ணன் மெட்டை வாசிப்பான். அவள் இழுக்கிற அந்த ஒற்றை ஸ்வரம் அவனுடைய மெட்டுக்கு அடியில் சுருதி மாதிரி நிற்கும். அவள் வராத அன்றைக்குப் பாட்டு கொஞ்சம் மெலிந்துதான் கேட்கும். சேர்ந்த ஒரு மாதத்தில் "நீ இல்லேன்னா நல்லா இல்ல" என்ற வார்த்தையை ஒரு பிள்ளையிடம் பொய் சொல்லாமல் சொல்ல முடிகிற இடம் வேறு எத்தனை இருக்கிறது? பள்ளிக்கூட வகுப்பில் முடியாது. கிரிக்கெட்டில்கூடச் சின்னவனைப் பந்து பொறுக்கத்தான் விடுவார்கள்.

இன்னொன்றும் பக்கத்தில் இருந்து பார்த்தால்தான் தெரியும். இரண்டு பேருக்குத் தாள் வைக்க ஒரு ஸ்டாண்ட், ஒரே நோட்ஸ். பக்கம் தீர்ந்ததும் உள்பக்கம் உட்கார்ந்திருப்பவர் வாசிப்பதை நிறுத்திப் பக்கத்தைத் திருப்ப வேண்டும், வெளிப்பக்கத்து ஆள் நிறுத்தாமல் வாசிக்க வேண்டும். இது ஆர்கெஸ்ட்ராக்களில் காலங்காலமாக உள்ள வழக்கம். இதைச் சின்னப் பிள்ளைகள் பழகுவதைப் பார்க்க வேண்டும். முதலில் இரண்டு பேரும் சேர்ந்து கையை நீட்டுவார்கள், அல்லது இரண்டு பேரும் நீட்ட மாட்டார்கள், பாட்டு நின்றுபோகும். அப்புறம் ஒருநாள், ஒருத்தன் தன் பங்கில் இரண்டு ஸ்வரத்தை விட்டுக் கொடுத்துத் திருப்ப, மற்றவன் அதையும் சேர்த்து வாசித்துவிடுகிறான். அதே மாதிரி சும்மா இருப்பதும் ஒரு வேலை. தன் பங்கு வரும்வரை எட்டு ஆவர்த்தனம் வாய்க்குள் எண்ணிக்கொண்டு, கை துறுதுறுத்தாலும் அடக்கிக்கொண்டு, சரியான இடத்தில் நுழைய வேண்டும். பொறுமையாக இரு என்று நாம் வீட்டில் கத்துவதைவிட இது நூறு மடங்கு வேலை செய்கிறது என்று நான் நம்புகிறேன்.

சரி, இது எங்கே தொடங்கியது? வெனிசுவேலாவில். 1975இல் கராக்கஸ் நகரில் ஹோசே அந்தோனியோ அப்ரேயு என்பவர் தொடங்கினார். அவர் பொருளாதார நிபுணர், இசைக்கலைஞரும்கூட. முதல் ஒத்திகை ஒரு கார் நிறுத்தும் இடத்தில் நடந்தது, பதினோரு பேர்தான் வந்தார்கள் என்று அவரே பிற்பாடு சொல்லியிருக்கிறார். அந்தத் திட்டத்தை இன்று உலகம் முழுக்க எல் சிஸ்டமா என்கிறார்கள். நாடு முழுக்கப் பேட்டைக்குப் பேட்டை மையங்கள், பள்ளி விட்டதும் பிள்ளைகள் நேரே அங்கே போவார்கள், கருவியும் கற்பிப்பதும் இலவசம், அரசாங்கம் பணம் கொடுத்தது. இப்போது பத்து லட்சத்துக்கு மேற்பட்ட பிள்ளைகள் இருப்பதாக அந்த அமைப்பு சொல்கிறது. 2021 நவம்பரில் 8,573 பேர் ஒரே இடத்தில் சேர்ந்து வாசித்து உலகின் மிகப்பெரிய ஆர்கெஸ்ட்ரா என்று கின்னஸில் பதிந்தார்கள். அதில் வளர்ந்த பையன்தான் குஸ்தாவோ டூடமெல், 2009இல் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலஸ் ஃபில்ஹார்மோனிக் என்ற ஆர்கெஸ்ட்ராவின் இசை இயக்குநரானார். அந்த ஊரிலும் 2007 முதல் வசதியற்ற பகுதிப் பிள்ளைகளுக்கு இதே மாதிரி ஆர்கெஸ்ட்ரா நடக்கிறது. ஸ்காட்லாந்தில் ஸ்டெர்லிங் நகரத்தின் ராப்லாக் பேட்டையில் 2008இல் தொடங்கினார்கள். அப்ரேயு 2018இல் காலமானார்.

டூடமெல் கதையைத்தான் எல்லோரும் சொல்வார்கள். எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது எல் சிஸ்டமாவின் காகித ஆர்கெஸ்ட்ரா. மிகச் சின்னப் பிள்ளைகளுக்கு எடுத்ததும் நிஜ வயலினைக் கொடுப்பதில்லை. அட்டையும் காகிதக் கூழும் வைத்துப் பெற்றோரும் பிள்ளையும் சேர்ந்து ஒரு வயலின் செய்வார்கள், பெயின்ட் அடிப்பார்கள். அதை வைத்து எப்படி நிற்பது, எப்படித் தோளில் வைப்பது, கீழே போடாமல் எப்படி நடப்பது, கண்டக்டர் கை உயர்த்தினால் எப்படித் தயாராவது எல்லாம் பழகுவார்கள். வாயால் பாடிக்கொண்டே காகித வயலினை "வாசிப்பார்கள்". உடைந்தால் நஷ்டமில்லை. அம்மா அப்பா கையும் அதில் பட்டிருப்பதால் அப்புறம் வகுப்புக்கு அனுப்புவதில் வீட்டுக்குள் சண்டை குறைவு. நம் ஊர் பாலவாடியில் நாளைக்கே செய்யலாம், பழைய அட்டைப்பெட்டிக்கா பஞ்சம்!

இனி பலன். 2017இல் வெளியான ஓர் ஆய்வு வெனிசுவேலாவில் 6 முதல் 14 வயது வரையுள்ள கிட்டத்தட்ட 2,900 பிள்ளைகளை எடுத்து, குலுக்கல் முறையில் பாதிப் பேரை முதலிலும் மீதிப் பேரை ஒரு வருடம் கழித்தும் சேர்த்து ஒப்பிட்டுப் பார்த்தது. முதலில் சேர்ந்த பிள்ளைகளுக்குத் தன்னடக்கம் ஓரளவு கூடியிருந்தது, முரட்டுத்தனமும் நடத்தைச் சிக்கலும், குறிப்பாக ஆண் பிள்ளைகளிடம், குறைந்திருந்தன. அறிவுத்திறன் மாதிரி மற்ற விஷயங்களில் எல்லாப் பிள்ளைகளுக்கும் பொதுவாகச் சொல்லும்படி பெரிய வித்தியாசம் இல்லை. ஆகவே வயலின் கற்றால் மூளை வளரும், கணக்கில் நூறு வாங்குவான் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். அதே ஆய்வு சொன்ன இன்னொரு விஷயம்தான் எனக்கு முக்கியம்: ஏழைகளுக்கான திட்டம் என்று உலகமே கொண்டாடிய அதில் சேர்ந்தவர்களில் ஏழைகளின் பங்கு, அந்தப் பகுதி மக்களில் ஏழைகள் இருக்கும் பங்கைவிடக் குறைவாக இருந்தது. காசு வாங்காமல் கொடுத்தும்கூட மிக ஏழையான பிள்ளை வந்து சேரவில்லை!

ஏன்? மும்பையில் வாழும் நமக்கு இதை யாரும் விளக்க வேண்டாம். இலவசம் என்பது ஃபீஸ் இல்லை என்று மட்டும்தான் அர்த்தம். கூட்டிப்போக ஆள் வேண்டும், பஸ் டிக்கெட் வேண்டும், தம்பியை யார் பார்த்துக்கொள்வது, தண்ணீர் வருகிற நேரத்தில் குடம் பிடிக்க யார் இருப்பது. நகரத்தின் தென்கோடியில் நரிமன் பாயின்ட்டில் என்.சி.பி.ஏ. என்ற தேசிய நிகழ்த்துகலை மையம் இருக்கிறது, அருமையான அரங்கம், 2006இல் தொடங்கிய சிம்பொனி ஆர்கெஸ்ட்ரா ஆஃப் இந்தியா அங்கேதான் இயங்குகிறது, பிள்ளைகளுக்கு இசைப்பள்ளியும் உண்டு. ஆனால் தாராவியில் இருந்து ஒரு பத்து வயதுப் பிள்ளை தினமும் தனியாக அங்கே போய் வருவது நடக்கிற காரியமா? அந்த ஆர்கெஸ்ட்ராவில் வாசிப்பவர்களில் பெரும்பாலோர் வெளிநாட்டுக்காரர்கள், இந்தியர்கள் கொஞ்சம் பேர்தான். ஐந்து வயதில் இருந்து தினமும் கூட்டமாக வாசித்து வளர்ந்த பிள்ளைகள் நம்மிடம் போதுமான அளவில் இல்லாததுதான் காரணம். அந்தப் பிள்ளைகளை நரிமன் பாயின்ட்டில் உட்கார்ந்துகொண்டு உருவாக்க முடியாது.

பக்கத்தில் இருந்து, தினமும், இலவசமாகச் சொல்லிக்கொடுத்தால் என்ன நடக்கும் என்பதற்கு வெனிசுவேலாவரை போகவே வேண்டாம், கோவாவைப் பார்த்தால் போதும். போர்ச்சுகீசியர் காலத்தில் அங்கே ஊர்ச் சர்ச்சோடு சேர்ந்த பள்ளிகளில் ஏழை வீட்டுப் பிள்ளைகளுக்கும் நோட்ஸ் படிக்கவும் வயலின் வாசிக்கவும் சொல்லிக்கொடுத்தார்கள். நடந்து போகிற தூரம். காசு இல்லை. ஞாயிற்றுக்கிழமை பூசையில் வாசித்தே ஆக வேண்டும் என்பதால் தொடர்ந்து பயிற்சி. அப்படி வளர்ந்தவர்கள்தான் பிறகு பம்பாய்க்குக் கப்பலேறி, ஹோட்டல் பாண்டுகளிலும் இந்திப் படங்களின் ரெக்கார்டிங் ஹால்களிலும் நிறைந்தார்கள். அந்தோணி கொன்சால்வ்ஸ், செபாஸ்டியன் டிசூசா மாதிரி பெயர்கள் பழைய சினிமா இசையைத் தோண்டுகிறவர்களுக்குத் தெரியும். கொன்சால்வ்ஸின் அப்பா மஜோர்டா என்ற கிராமத்தில் சர்ச்சின் பாடகர் குழுவுக்கு வாத்தியார். கொன்சால்வ்ஸிடம் வயலின் கற்றவர் பியாரேலால், லட்சுமிகாந்த் பியாரேலால் ஜோடியில் ஒருவர். ஒரு தலைமுறை இந்திப் படப் பாட்டுக்கே வயலின் கொடுத்தது அந்தச் சின்னக் கிராமத்துப் பள்ளிகள் என்றால் மிகையில்லை.

இந்தியாவில் இன்றைக்கும் முயற்சிகள் இருக்கின்றன. மேற்கு வங்கத்து மலை ஊரான கலிம்போங்கில் 1993இல் ஒரு ஜெசூயிட் சபைப் பாதிரியார் தொடங்கிய காந்தி ஆசிரமப் பள்ளி, கூலி வேலை செய்கிறவர்களின் பிள்ளைகளுக்குப் படிப்போடு வயலினும் சொல்லித் தருகிறது. கோவாவில் சைல்ட்ஸ் பிளே இந்தியா என்ற அறக்கட்டளை 2009 முதல் இதே வேலையைச் செய்கிறது. சென்னையில் ஏ.ஆர். ரகுமானின் இசைக்கல்லூரியோடு சேர்ந்த சன்ஷைன் ஆர்கெஸ்ட்ராவை நம்மில் பலர் டிவியில் பார்த்திருப்போம், வசதியில்லாத வீட்டுப் பிள்ளைகள் அதில் கட்டணமில்லாமல் கற்கிறார்கள்.

"இது வெள்ளைக்காரன் வாத்தியம், நம்ம பறையும் தவிலும் என்னாச்சு" என்ற கேள்வியும் வரும். வர வேண்டும். தாராவியில் நையாண்டி மேளம் தெரிந்த பெரியவர்கள் இருக்கும்போது அவர்களை விட்டுவிட்டு எவனோ வந்து கற்பிப்பது எனக்கும் பிடிக்காது. ஆனால் வயலின் நமக்கு வெளிநாட்டுச் சாமான் இல்லை. முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் மெட்ராஸில் ஐரோப்பிய வாத்தியக்காரரிடம் கற்றுக்கொண்டு அதைக் கர்நாடக இசைக்குள் கொண்டுவந்து இருநூறு வருடம் ஆகிறது. முத்துசுவாமி தீட்சிதரே மேற்கத்திய பாண்டு மெட்டுகளுக்கு சம்ஸ்கிருதத்தில் நோட்டு ஸ்வரங்கள் எழுதினார். உலகம் முழுக்க வயலின் பிள்ளைகள் முதலில் வாசிக்கிற "ட்விங்கிள் ட்விங்கிள்" மெட்டில் அவர் மீனாட்சி அம்மன் மேல் ஒன்று எழுதியிருக்கிறார். நோட்டு ஸ்வரங்கள் எல்லாமே சங்கராபரண ராக அடிப்படை, கமகம், அதாவது ஸ்வரத்தை அசைப்பது இல்லாத நேர் ஸ்வரங்கள், அதனால் ஆளுக்கொரு பங்கு பிரித்து ஆர்கெஸ்ட்ராவாக எழுதுவது சுலபம். தவிலையும் பறையையும் தாள வரிசையில் உட்கார வைத்து, அந்தப் பெரியவரையே வாத்தியாராகச் சம்பளம் கொடுத்து வைத்தால் இன்னும் நல்லது. தாராவியில் நடக்கிற ஆர்கெஸ்ட்ரா தாராவி மாதிரித்தானே இருக்க வேண்டும்.

கருவி விஷயம். வயலின் கால் சைஸ், அரை சைஸ், முக்கால் சைஸ், ஃபுல் சைஸ் என்று வரும். பிள்ளை தோளில் வைத்து இடது கையை நேரே நீட்டினால் வயலினின் சுருள் தலை உள்ளங்கையில் வந்து உட்கார வேண்டும், அதுதான் அளவு. பிள்ளை வளர வளர மாற்ற வேண்டும் என்பதால் சொந்தமாக வாங்குவது வீண் செலவு. பொதுவில் ஒரு கருவிக் கிடங்கு வைத்து, ஒருவன் வளர்ந்ததும் அடுத்தவனுக்குக் கொடுப்பதே சரி. வாங்குவதற்குச் சில ஆயிரம் ரூபாய் போதும், யாராவது நன்கொடையாகவும் தருவார்கள், போட்டோ எடுத்துக்கொள்வார்கள். அதற்குப் பிறகு தந்தி அறுந்தால் யார் வாங்கித் தருவது, வில்லின் முடி போனால் யார் மாற்றுவது என்பதற்குத்தான் பணம் இருக்காது. மும்பை மழை வேறு. ஜூனில் ஈரம் ஏறினால் மரம் உப்பும், தந்தியை முறுக்குகிற பிரடை இறுகித் திருகவே வராது, ஒட்டிய இடங்கள் விட்டுக்கொள்ளும். பத்துக்குப் பத்து அறையில் சுவர் ஓரமாக, அதுவும் ஒழுகுகிற பக்கம் வைத்தால் கதை முடிந்தது. வாசித்து முடித்ததும் வில்லைத் தளர்த்தி, தந்தியில் படிந்த ரோஸின் (வில்லில் தேய்க்கிற பிசின்) தூளைத் துணியால் துடைத்து, பெட்டிக்குள் ஷூ டப்பாவில் வருகிற சிலிக்கா ஜெல் பொட்டலங்களைப் போட்டு, அலமாரியின் மேல்தட்டில் வைக்க வேண்டும். மழைக்காலம் நான்கு மாதமும் கருவியை வீட்டுக்குக் கொடுக்காமல் மையத்திலேயே பூட்டி வைப்பது இன்னும் நல்லது. வீட்டில் சாதகம் பண்ண இடமும் கிடையாது, பக்கத்து வீட்டில் நைட் ஷிப்ட் முடித்துத் தூங்குகிற ஆள் இருப்பார். தினமும் மையத்துக்கே வந்து வாசிக்க வேண்டும் என்பதற்கு இதுவும் ஒரு காரணம். வாரத்தில் ஒருநாள் வகுப்பு, மீதி நாள் வீட்டில் பழகு என்கிற முறை, தனி அறை உள்ள வீட்டுப் பிள்ளைக்காக உண்டானது.

வாத்தியார்? இங்கே எல் சிஸ்டமாவிடம் கற்க வேண்டியது, நாலு ஸ்வரம் தெரிந்தவன் மூணு தெரிந்தவனுக்குச் சொல்லிக்கொடுப்பது. பெரிய வித்வான் வாரம் ஒருமுறை வந்து திருத்தினால் போதும், மற்ற நாட்களில் பெரிய பிள்ளைகளே சின்னவர்களைப் பார்த்துக்கொள்ள வேண்டும், அதற்கு அவர்களுக்குக் கொஞ்சம் உதவித்தொகையும் கொடுக்க வேண்டும். பதினாலு வயதில் படிப்பை விட்டு வேலைக்குப் போகலாமா என்று யோசிக்கிற பையனுக்கு அந்தச் சின்னத் தொகை பெரிய வித்தியாசம்.

கெட்டதையும் சொல்லாமல் விட முடியாது. கண்டக்டர் சொன்னால் சொன்னதுதான் என்ற அமைப்பு, ஒழுங்கு என்ற பெயரில் பிள்ளைகளை வாய்திறக்க விடாமல் வைத்திருக்கவும் பயன்படும். எல் சிஸ்டமா மேலேயே அந்த விமர்சனம் நெடுநாளாக உண்டு. 2021இல் அங்கே படித்த பெண்கள் சிலர் ஆசிரியர்களின் பாலியல் அத்துமீறல் பற்றி வெளிப்படையாகப் பேசினார்கள். அரசாங்கப் பணத்தையே நம்பியிருந்ததால் நாட்டின் பொருளாதாரம் சரிந்தபோது பல கலைஞர்கள் வெளிநாடு போய்விட்டார்கள். இசை நல்லது, ஆகவே அதைச் சொல்லித் தருகிறவரும் நல்லவர் என்று நாமாக நினைத்துக்கொள்ளக் கூடாது.

அதனால் நம் தெருவுக்கு யாராவது இப்படி ஒரு வகுப்போடு வந்தால் நான் கேட்கச் சொல்வது இவைதான். பிள்ளை தனியாக நடந்து வருகிற தூரமா? வாரத்தில் எத்தனை நாள்? நாலு நாளுக்குக் குறைந்தால், ஆடிப் பாடிப் பொழுது போக்கலாம், ஆர்கெஸ்ட்ரா ஆகாது. எத்தனை வருடத்துக்குப் பணம் கையில் இருக்கிறது? ஒரு வருடம் நடத்தி, ஒரு நிகழ்ச்சி வைத்து, வீடியோ எடுத்துக்கொண்டு போய்விடுகிறவர்கள் பிள்ளைகளுக்குச் செய்வது துரோகம், அதைவிட வராமலே இருக்கலாம். வகுப்பு அறையில் எப்போதும் இரண்டு பெரியவர்கள் இருப்பார்களா, அதில் ஒரு பெண் உண்டா, நம் பேட்டை ஆள் யாராவது நிர்வாகத்தில் இருக்கிறாரா, சாயங்காலம் பிள்ளைகளுக்கு ஒரு வடாபாவாவது கிடைக்குமா? இதற்கெல்லாம் முகம் சுளிக்காமல் பதில் சொன்னால் நம்பி அனுப்பலாம்.

வேலை கிடைக்குமா என்றால், பெரும்பாலான பிள்ளைகளுக்கு இசையில் கிடைக்காது. ஸ்டுடியோக்களில் கீபோர்டு வந்த பிறகு வயலின் வரிசைகள் சுருங்கிவிட்டன. சிலர் வாத்தியாராகலாம், சிலர் சர்ச்சிலும் கல்யாணங்களிலும் வாசித்துச் சம்பாதிக்கலாம், மிகச் சிலர் மேலே போகலாம். கணக்கு டியூஷனையும் விட வேண்டாம். நாலரை முதல் ஆறு வரை வாத்தியம், அப்புறம் அதே இடத்தில் ஏழரை வரை படிப்பு, பெரிய பிள்ளைகளில் கணக்கு தெரிந்தவர்கள் சொல்லிக்கொடுப்பது என்று இரண்டையும் ஒரே கூரைக்குள் வைத்தால் அம்மாமார் யாரும் மறுக்க மாட்டார்கள். பிப்ரவரி, மார்ச்சில் பத்தாவது பரீட்சை வரும்போது அந்தப் பிள்ளைகளுக்கு மட்டும் ஒத்திகையில் சின்னப் பங்கு கொடுத்து, வராத நாளைக் கணக்கில் எடுக்காமல், ஏப்ரலில் பழைய ஸ்டாண்டிலேயே இடத்தைப் பிடித்து வைத்திருந்தால் போதும்.